விடுமுறை நாளும் ஊருக்கு வெளியே உள்ள மைதானமும்



இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் 26-ஆம் நாளுக்கு 'பாக்சிங் டே' என்று பெயர். பெயரைக் கேட்டதும் அது ஏதோ குத்துச்சண்டைப் பந்தயங்கள் நடக்கும் நாள் போலும் என்று நம் மாணவர்கள் எண்ணிவிட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேலையாட்களுக்கும் வீட்டு வாயிலுக்கு வந்து தொண்டு செய்வோர்க்கும் பெட்டியில் இட்டு அன்பளிப்பு வழங்கிய பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது என்பர். அன்பளிப்புப் பெட்டிகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. இன்று அந்நாள் ஆங்கிலேயருக்குக் கால்பந்தாட்ட நாள். தாத்தாவும் தந்தையும் பேரனும் கழுத்தில் ஒரே நிறத் துண்டைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் புறப்படுகிற நாள்.

ஆனால் அதே நாளில்தான், சில வழித்தடங்கள் நீங்கலாக, அந்நாட்டின் ரயில்கள் ஓடுவதில்லை. நம் நாட்டில் பொங்கல், தீபாவளி என்றால் சிறப்பு ரயில்களும் சிறப்புப் பஸ்களும் விடப்படும். அவை போதவில்லையே என்பதுதான் நம் குறை. அங்கோ, முப்பதினாயிரம் பேர் ஓரிடத்தில் கூட வேண்டிய நாளில் ரயில் நிலையத்தின் கதவு பூட்டிக் கிடக்கும். மைதானம் ஊரின் நடுவே இருந்தால் நடந்து போய்விடலாம். ஊருக்கு வெளியே நான்கைந்து மைல் தொலைவில் இருந்தால் என் செய்வது? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதுதான். வேடிக்கையான சங்கடம் என்று முதலில் தோன்றும். சற்று உள்ளே புகுந்து பார்த்தால், ஒருவருடைய விடுமுறை மற்றொருவருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்ற கடினமான உண்மை அங்கே இருப்பது தெரியும்.

கால்பந்தாட்டத்துக்கும் விடுமுறை நாளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இரு வேறு கழகங்கள் தம்முள் மோதிய முதல் ஆட்டம் என்று சொல்லப்படுவது, ஷெஃபீல்டு கழகமும் ஹாலம் கழகமும் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆடியது. பின்னர் 1871-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. வங்கிகள் மூடப்பட வேண்டிய நாட்கள் இவை இவை என்று அது வகுத்தது. இங்கிலாந்தில் ஈஸ்டர் திங்கள், ஆகஸ்டு முதல் திங்கள், டிசம்பர் 26 முதலியவை அவ்வாறு பொது விடுமுறை நாட்கள் ஆயின. இச்சட்டத்தைக் கொண்டுவந்த ஸர் ஜான் லப்பக் ஒரு வங்கி முதலாளி. அத்துடன் எறும்புகளின் வாழ்க்கையை ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர். ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரே சமயத்தில் ஒரே புற்றை நோக்கி நெரிசலின்றி எப்படிச் செல்கின்றன என்று பல்லாண்டு கூர்ந்து பார்த்த ஒருவர்தான் மனிதர்க்கு விடுமுறை நாட்களை வகுத்தளித்தார் என்பதை நினைத்தால் புன்னகை வருகிறது.

ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்த நாள் எதுவோ, அதுவே ஆட்டத்தின் திருநாளாயிற்று. கிறிஸ்துமஸ் நாளன்றேகூட ஆடினார்கள். ஒரு கழகம் அன்று தன் ஊரில் ஆடிவிட்டு, மறுநாள் அதே எதிரியின் ஊருக்கு ரயிலேறிப் போய் மீண்டும் ஆடும். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஒரே வண்டியில் போனதுண்டு. கிறிஸ்துமஸ் நாளில் லீக் ஆட்டங்கள் முழு அளவில் நடந்தது 1957-ஆம் ஆண்டோடு முடிந்தது. அதற்குப் பின் ஒன்றிரண்டு ஆட்டங்கள் மட்டும் நடந்தன. 1965-இல் பிளாக்பூலும் பிளாக்பர்னும் ஆடியதே முதற்பிரிவில் கடைசிக் கிறிஸ்துமஸ் ஆட்டம். பாக்சிங் டே ஆட்டங்களோ தொடர்ந்தன. 1963-இல் அந்த ஒரே நாளில் முதற்பிரிவின் பத்து ஆட்டங்களில் 66 கோல்கள் விழுந்தன. இப்ஸ்விச் கழகத்தை ஃபுல்ஹாம் பத்துக்கு ஒன்று என்று தோற்கடித்தது. முந்திய நாள் விருந்தின் களைப்பு காவலர்களின் கால்களில் இருந்ததோ என்னவோ, ஆராய்வது நம் வேலையன்று.

அக்காலத்து மைதானங்கள் எங்கே இருந்தன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆலைகளுக்குப் பக்கத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக நின்ற தெருக்களின் நடுவே இருந்தன. பெரும்பாலோர் நடந்து வந்தனர். சற்றுத் தொலைவில் இருந்தவர்களுக்கு டிராம் வண்டி இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ரயில்வே கம்பெனிகள் தனி ரயில்கள் விட்டன. கழகங்களும் ரயிலைத் தேடிப் போயின. லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் பிளம்ஸ்டெட்டில் ஆடிக்கொண்டிருந்த ஆர்சனல் கழகம், போதிய கூட்டம் வராமல் தவித்து, 1913-இல் நகரத்தின் வடபகுதியான ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. கில்லெஸ்பி ரோடு என்னும் பாதாள ரயில் நிலையம் அங்கே அருகில் இருந்ததே அவ்விடத்தின் பெருஞ்சிறப்பு. 1932-இல் அந்த நிலையத்துக்கே ஆர்சனல் என்று பெயர் மாறிற்று. ஒரு பந்தாட்டக் கழகம் ரயிலைப் பார்த்துப் போய் நின்று, பிறகு ரயில் அதன் பெயரைச் சூட்டிக்கொண்டது.

இவ்வாறு ஊர் நடுவே இருந்த மைதானங்கள் ஏன் வெளியே போயின? முதற்காரணம் துயரமானது. 1971-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், புத்தாண்டையொட்டி நடந்த ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, ஐப்ராக்ஸ் மைதானத்தின் படிக்கட்டு ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் மாண்டனர். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கூட்டத்தை நெறிப்படுத்தத் தவறியதன் விளைவாக, கம்பி வேலிக்குள் நசுங்கி மாண்டவர்கள், நெடுநாள் துன்புற்று 2021-இல் இறந்த ஒருவரையும் சேர்த்து, 97 பேர். அதனை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, மேல் இரு பிரிவுகளின் மைதானங்களில் நின்று பார்க்கும் இடங்கள் ஒழிக்கப்பட்டு எல்லோர்க்கும் இருக்கை என்ற விதி வந்தது. வீடுகளுக்கிடையே நெருக்குண்டு கிடந்த பழைய மைதானங்களுக்கு விரிய இடமில்லை. அவற்றின் நிலத்துக்கோ நல்ல விலை கிடைத்தது. ஆகவே பல கழகங்கள் பழைய இடத்தை விற்றுவிட்டு நெடுஞ்சாலையோரம் புது அரங்கம் எழுப்பின. போல்ட்டன் கழகம் 1997-லும், ரெடிங் கழகம் 1998-லும், கவென்ட்ரி கழகம் 2005-லும் இவ்வாறு இடம் மாறின. ரயில் நிலையம் அரங்கத்தோடு கூடவே வரவில்லை. போல்ட்டன் அரங்கத்தின் நிலையம் 1999-இல் வந்தது. ரெடிங்கில் 2023 வரை காத்திருந்தார்கள்.

கவென்ட்ரியின் கதை இன்னும் சுவையானது. அரங்கம் எழுந்து பத்தாண்டு கழிந்து, 2016-இல், அதன் வாயிலிலேயே நிலையம் திறந்தார்கள். ஆனால் அவ்வழியே வந்ததோ மணிக்கு ஒரு ரயில். அதில் ஒரே ஒரு பெட்டி. அதில் 75 இருக்கை. பெரிய ஆட்டம் முடிந்து பல்லாயிரம் பேர் அந்தச் சிறு மேடைக்கு வந்துவிட்டால் ஆபத்து என்று அஞ்சி, ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் நிலையத்தை மூடி வைப்பது என்று ஏற்பாடு செய்தார்கள்! அரங்கத்துக்காகக் கட்டிய நிலையம், அரங்கத்திலிருந்து மக்கள் வரும் வேளையில் மூடிக்கிடந்தது. பார்த்துச் சிரிப்பதற்குமுன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

புதிய அரங்கமொன்றில் கூட்டம் எட்டு நிமிடத்துக்குள் வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது, ஐப்ராக்ஸ் துயரத்துக்குப் பின் 1973-இல் முதன்முதலாக வெளிவந்த பாதுகாப்பு நெறிநூல் வளர்ந்து வந்து இன்று வகுத்திருக்கும் அளவு. அரங்கத்துக்குள் வரும்போது மக்கள் இரண்டு மணி நேரமாகச் சிறுகச் சிறுக வருவார்கள். போகும்போது ஊதல் ஒலித்ததும் ஒரே அலையாக எழுவார்கள். முப்பதினாயிரம் பேர் எட்டு நிமிடத்தில் வாயிலுக்கு வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரட்டை மாடி பஸ் ஒன்றில் 80 பேர் ஏறினால், அத்தனை பேரையும் கொண்டுபோக 375 பஸ்கள் வேண்டும். சொந்தக் காரில் மூவர் மூவராக வந்திருந்தால் 10,000 கார்கள். கார் ஒன்று நிற்கவும் திரும்பவும் 25 சதுர மீட்டர் என்றால், இரண்டரை லட்சம் சதுர மீட்டர் நிலம் வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டு வந்த ஆடுகளத்தைப் போல் 35 மடங்கு! சரி, நிலம் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். சாலையின் ஒரு தடத்தில் தங்குதடையின்றி ஒரு மணிக்குச் சுமார் 1,800 கார்கள் செல்லலாம். ஒற்றைத் தடத்தில் பத்தாயிரம் கார்களும் வெளியேற ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆட்டம் ஒன்றரை மணி நேரந்தான். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்க்கு, ஊருக்கு வெளியே உள்ள அரங்கத்துக்கு ரயில் என்பது அழகுக்காக வைக்கும் பொருளன்று என்பது விளங்கும்.

இதனை நன்றாக உணர்ந்தே கட்டப்பட்ட அரங்கம் ஒன்று உண்டு. தென்கடற்கரையில் உள்ள பிரைட்டன் நகரத்தின் கழகத்துடையது அது. அதன் வரலாறே ஒரு பயண வரலாறு. ஊருக்குள் இருந்த கோல்ட்ஸ்டோன் மைதானம் விற்கப்பட்டு 1997-இல் கைவிட்டுப் போயிற்று. மாற்று இடம் ஒன்றும் ஆயத்தமாக இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுக் காலம் அக்கழகம் தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஏறத்தாழ 70 மைல் தொலைவில் உள்ள ஜில்லிங்ஹாமில் ஆடியது. வீட்டுக்குப் போக எழுபது மைல் பிரயாணம் செய்த கூட்டம் அது. 1999-இல் ஊர் திரும்பி, விதீன் என்னுமிடத்தில் ஓட்டப்பந்தயத் திடல் ஒன்றில், ஒன்பதாயிரம் பேருக்குக்கூட இடமில்லாத தற்காலிக இருக்கைகளோடு பன்னிரண்டு ஆண்டுகள் காலம் தள்ளிற்று. ஊரிலிருந்து சுமார் நான்கு மைலில், புல் படர்ந்த குன்றுகளின் ஓரத்தில், இரண்டு பல்கலைக்கழகங்களின் கட்டடங்களுக்கு அருகே உள்ள ஃபால்மரில் அரங்கம் கட்ட அனுமதி கேட்டார்கள். குன்றின் அழகு கெடுமே என்று எதிர்த்தவர்களும் இருந்தனர். அவர்கள் அச்சமும் பொருளற்றதன்று. ரசிகர்கள் மனுக்கள் எழுதினார்கள். 2005-இல் தம் கோரிக்கையைப் பாட்டாகவே இசைத்தட்டில் வெளியிட்டு விற்றார்கள். வழக்குகளும் மறு விசாரணையும் நடந்து, 2007-இல் இறுதி அனுமதி கிடைத்து, 2011-இல் அரங்கம் திறந்தது. இன்று முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம்.

ஃபால்மரைத் தேர்ந்ததற்குப் பெருங்காரணம் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்ட ரயில் நிலையந்தான். பிரைட்டனிலிருந்து ஏறத்தாழ பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். கார் நிறுத்தும் இடம் வேண்டுமென்றே குறைவாக அமைக்கப்பட்டது. அரங்கம் திறந்தபோது ஆட்டத்துக்கான சீட்டின் விலையிலேயே சுற்றுவட்டாரத்து ரயில், பஸ் கட்டணமும் அடங்கியிருந்தது. தொலைவில் காரை நிறுத்திவிட்டு வருவோர்க்குத் தனிப் பஸ்கள் ஓடின. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயம் நிலையத்துக்குப் பாயாதிருக்கும் பொருட்டு, அரங்கத்தின் சிற்றுண்டிச் சாலைகளை மூடாமல் வைத்து, விரும்பியவர் சற்று நேரம் தங்கிப் போக வழி செய்தார்கள். உண்மையில், எட்டு நிமிடத்து அலையை ஒன்றரை மணி நேரத்து ஓடையாக மாற்றும் அந்த எளிய உபாயத்தைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன்.

இவ்வளவு கருத்தோடு செய்த ஏற்பாடெல்லாம் டிசம்பர் 26-இல் கையைவிட்டுப் போகிறது. கார் இடத்தைக் குறைத்து ரயிலை நம்பிக் கட்டிய அரங்கம். ரயிலோ அன்று இல்லை. 2018-இல் அந்நாளில் ஆர்சனல் கழகம் அங்கே வந்து ஆடியது. 2021-இல் லண்டனின் பிரென்ட்ஃபோர்டு கழகம் வந்தபோது, தொலைக்காட்சியின் வசதியை முன்னிட்டு, ஆட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிற்று. குளிர்கால இரவில் பத்து மணிக்கு முடியும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ரயிலில்லாத நாளில், லண்டனுக்குத் திரும்ப வேண்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அத்தகையவர்க்குத் தனிப் பஸ்ஸும் நண்பரின் காருமே துணை. கார் உள்ளவர் எப்படியும் வந்துவிடுவார். கார் ஓட்ட வயதாகாத மாணவனும், ஓட்டும் வயது கடந்த கிழவரும், கார் வாங்க வகையில்லாத தொழிலாளியுமே வீட்டில் தங்கிவிடுகிறார்கள். விடுமுறை நாள் ஆட்டம் யாருக்காகத் தோன்றியதோ, அவர்களே அந்நாளில் வர முடியாதவர்கள் ஆகிறார்கள்.

அப்படியானால் ரயிலை ஓட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். ரயில் நின்றதற்கும் ஒரு நியாயம் உண்டு. முன்பு கிறிஸ்துமஸ் நாளிலும் ரயில்கள் ஓடின என்றேன். அப்படியானால் அந்த ரயில்களின் ஓட்டுநரும், கைகாட்டி இயக்கியவரும், சீட்டுப் பரிசோதகரும் அன்று தம் பிள்ளைகளோடு இருக்கவில்லை. 1960-களின் நடுப்பகுதியில் கிறிஸ்துமஸ் நாள் ரயில்கள் பெரும்பாலும் நின்றுபோயின. பாக்சிங் டே ரயில்களும் பின்னர் குறைந்து ஒழிந்தன. ஓய்வு என்பது கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக உழைப்பாளிகளுக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்று மகிழ்ந்த நாம், ரயில் தொழிலாளியின் ஓய்வைக் கண்டு முகம் சுளிப்பது முறையாகாது. வேறொரு காரணமும் உண்டு. ஆண்டு முழுதும் ஓயாது ஓடும் தண்டவாளங்களை மாற்றவும், பாலங்களைப் பழுது பார்க்கவும், தொடர்ச்சியாக இரண்டு நாள் கிடைப்பது அப்போதுதான். அந்த இரண்டு நாளும் கடுங்குளிரில் தண்டவாளத்தின்மேல் நின்று வேலை செய்வோர் பல்லாயிரவர். விடுமுறை அவர்களுக்கும் இல்லை.

2011-இல் லண்டன் பாதாள ரயில் ஓட்டுநர்கள் பாக்சிங் டே வேலைக்குரிய ஊதியம் பற்றிய தகராறில் அன்று வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்சனலும் வுல்வர்ஹாம்ப்டனும் அன்று ஆடுவதாக இருந்த ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. சிலர் சீறினார்கள். ஆனால் அந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை வெளிப்பட்டதை மறுக்க இயலாது. ரயிலின் பக்கத்தில் போய்க் குடியேறிய கழகம், ரயில் ஓட்டுபவர் வராவிட்டால் ஆட முடியாது. ஆட்டக்காரர் இருபத்திருவர் என்று நாம் கணக்கிடுகிறோம். விடுமுறை நாளில் அந்தக் கணக்கு தவறானது.

ஜெர்மனியில் இது எப்படி என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அங்கே கிறிஸ்துமஸ் நாட்களிலும் ரயில்கள் ஓடுகின்றன. ஆனால் அந்நாட்டின் முதற்பிரிவுக் கால்பந்துக்கு அப்போது குளிர்கால ஓய்வு. ஆட்டமே இல்லை. ரயில் ஓடும் நாட்டில் ஆட்டம் இல்லை. ஆட்டம் நடக்கும் நாட்டில் ரயில் இல்லை.

இங்கிலாந்திலும் முதற்பிரிவில் இப்போது மாறுதல் தென்படுகிறது. ஐரோப்பியப் போட்டிகள் பெருகி ஆட்ட அட்டவணை நெருக்குண்டதால், 2025-ஆம் ஆண்டு பாக்சிங் டேயில் முதற்பிரிவில் ஒரே ஓர் ஆட்டந்தான் நடந்தது. கீழ்ப்பிரிவுக் கழகங்களோ வழக்கம்போல் ஆடின. அவற்றின் ரசிகர்களுக்கு இந்தச் சங்கடம் அப்படியே இருக்கிறது.

இதற்கு என்ன செய்யலாம்? விடுமுறை ஆட்டத்தையே ஒழித்துவிடலாம் என்போர் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூற்றறுபது ஆண்டு வழக்கத்தை வசதிக்குறைவு ஒன்றைக் காட்டி அறுத்தெறிவது எளிது. அடுத்தபடி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா என்பார்கள். மிக அருகில் உள்ள இரண்டு ஊர்க் கழகங்களை அன்று ஒன்றோடொன்று ஆட விடுவது பழைய உபாயம். பயணம் குறையும். பட்டியல் வகுப்போர் இன்றும் இயன்றவரை அதைச் செய்கிறார்கள். ஆனால் அது வருகிற கழகத்தின் பாதையைத்தான் சுருக்கும். அரங்கம் ஊருக்கு வெளியே இருந்தால் உள்ளூர்க்காரரே நான்கு மைல் வர வேண்டுமே! ஆட்டத்தை நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக வைத்தால் பகல் வெளிச்சத்தில் நடந்தாவது வரலாம். பஸ் வண்டிகள், அவை நகர்மன்றத்துடையவாயினும் தனியாருடையவாயினும், கழகத்தின் செலவில் ஓடட்டும். அவற்றை ஓட்டுவோர் தாமே விரும்பி வந்தவர்களாகவும், அந்நாளுக்குரிய மிகை ஊதியமும் வேறொரு நாள் ஓய்வும் பெறுபவர்களாகவும் இருக்கட்டும். தொலைக்காட்சி உரிமைக்குப் பெருந்தொகை பெறும் கழகங்களுக்கு இது தாங்க முடியாத செலவன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டின் ஆட்டப் பட்டியல் ஜூன் மாதத்தில் வெளியாகிறது. ரயில் பாதைகளைக் கிறிஸ்துமஸ் நாட்களில் மூடிப் பழுது பார்க்கும் திட்டமோ அதற்கு வெகு முன்பே வகுக்கப்பட்டுவிடுகிறது. எந்தப் பாதை அவ்வாண்டு மூடப்படும் என்பது தெரிந்த பிறகே பட்டியல் எழுதப்படுகிறது என்றால், அந்தப் பாதையை நம்பியுள்ள அரங்கத்துக்கு அன்று சொந்த ஊர் ஆட்டம் கொடுக்காமல், கழகத்தை வெளியூருக்கு அனுப்பிவிட முடியும். பட்டியல் எழுதும் அறையில் போலீஸ் அதிகாரியின் கருத்தும் தொலைக்காட்சிக்காரரின் கருத்தும் இடம் பெறுகின்றன. அங்கே இன்னொரு நாற்காலி போட்டு, பஸ் ஓட்டுபவர் ஒருவரை அமர்த்தி, "26-ஆம் தேதி எத்தனை மணிக்கு ஐயா உங்களால் வர முடியும்?" என்று கேட்டுவிட்டு, பிறகு ஆட்டத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.